சிதம்பரம் அண்ணனுக்கு வந்த மெயில்

இன்று காலை பள்ளத்தூர் பஸ்ஸில் இருந்தபோது, சிதம்பரம் அண்ணனின் மனைவி போன் செய்தார்.

"தம்பி, அவுக போனுக்கு ஒரு மெயில் வந்திருக்கு. இன்னும் ஆர்வம் இருக்கான்னு கேக்குறாக. நான் என்ன பதில் போட?"

பலர் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் எங்கள் தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் இணையதளத்துக்காக, உதவிப் பக்கத்தை எளிய தமிழில் மாற்றி எழுதி அனுப்பியிருந்தார் எங்கள் குழுவில் ஒருவரான அண்ணன். அதில் நாங்கள் கேட்ட ஒரு சந்தேகத்துக்குப் பதில் சொல்வதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

கேட்டதற்குப் பல நாள் பதில் வராவிட்டால், 'இதில் இன்னும் ஆர்வம் இருக்கிறதா?' என்று எங்கள் தளத்திலிருந்து தானாகவே ஒரு மெயில் போகும்.

"அது மெஷின் அனுப்புனது மதினி. விட்டுருங்க."

"மெஷினா? ஆளுகதான் தேடுறாகன்னு நெனச்சேன்."



அந்த மெயிலை நிறுத்தத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அது தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான்.