நல்லதாகப் பார்த்து ஒரு டோஸ்டர்

அரையாண்டுத் தேர்வின்போது மேற்பார்வைக்கு நின்ற இடத்திலேயே நான் தூங்கிவிட்டேன். உட்கார்ந்துகூட அல்ல, நின்றபடி. ஜன்னல் கம்பியில் தோளைச் சாய்த்தேன், சாந்தோம் கடற்காற்று முகத்தில் பட்டது, அதுவரைக்கும்தான் ஞாபகம். முதல் பெஞ்சுப் பெண் என் முந்தானையைத் தொட்டு, "மிஸ், பெல் அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு மிஸ்" என்று காதருகே சொன்னபோதுதான் கண் திறந்தேன். மற்றவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த முறை அந்த வகுப்பில் கணக்கில் ஒருவரும் ஃபெயிலாகவில்லை.

மந்தைவெளிக்கு வீடு திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் காலை ஐந்தரை மணிவரை தூங்குவது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக நான் எழுந்திருப்பது நாலரைக்கு. டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் முடித்து ஏழேகாலுக்குப் படியிறங்கினால்தான் முதல் மணி அடிக்கும்போது பள்ளியில் இருக்க முடியும். இதில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்க வேண்டுமானால் இட்லி, தோசையில்தான் கை வைக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ரொட்டி என்று வைத்துக்கொண்டால் என்ன? தோசைக்கல்லில் ரொட்டி வாட்டலாம்தான். ஆனால் அதற்கும் நானேதான் பக்கத்தில் நின்று திருப்பிப் போட வேண்டும். தானே சுட்டு, தானே எழுப்பிக் கொடுக்கிற மெஷின் ஒன்று வேண்டும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காலைல கொஞ்சம் தூங்கணும்ங்க. ஒரு டோஸ்டர் வாங்கலாம்."

அவர் மறுக்கவே இல்லை. அதுதான் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியவில்லை. "வாங்கலாமே. ஆனா வாங்குறதுன்னா நல்லதா பாத்து வாங்கணும்" என்றார்.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து ஒரு வருஷத்துக்கு முன்பு ரிடையரானவர். தீப்பிடித்த குடோன், வெள்ளத்தில் மூழ்கிய கார், வெடித்த கீசர் என்று முப்பத்து மூன்று வருஷம் பார்த்தவர். எந்தப் பொருளைக் காட்டினாலும் அது கடைசியில் எப்படிச் சாகும் என்பதுதான் அவர் கண்ணுக்கு முதலில் தெரியும். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டுக்கூட, "பந்தல்ல வயரிங் மோசம்" என்றவர்.

முதல் இரண்டு மாதம் இண்டர்நெட்டில் போயிற்று. டோஸ்டர் வாங்கியவர்கள் எழுதியதைப் படிப்பார். நாலு நட்சத்திரம், அஞ்சு நட்சத்திரம் எல்லாம் அவருக்கு நம்பிக்கையான சாட்சிகள் அல்ல. ஒற்றை நட்சத்திரம்தான் உண்மை பேசும். சாயங்காலக் காபியோடு அவற்றை எனக்கு வாசித்துக் காட்டுவார். "இதக் கேளு. மூணே மாசத்துல லிவர் கீழ நிக்கலையாம். கையால அமுக்கிப் புடிச்சிக்கிட்டே நிக்கிறாராம் பாவம்." முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக அவர் அன்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மறுநாள் நாலரைக்கு நான் எழுந்து இட்லி ஊற்றினேன்.

பிறகு லஸ் பக்கம் மிக்சி ரிப்பேர் செய்கிறவரிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். எந்த டோஸ்டர் ரிப்பேருக்கே வருவதில்லை என்று அவரைக் கேட்டால் விஷயம் முடிந்தது என்பது கணக்கு. நல்ல கணக்குத்தான்.

ரிப்பேர்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் கேக்குற நீ? டோஸ்டர எவன் சார் ரிப்பேருக்கு எத்துக்கினு வர்றான்? மிக்சி வருது, அயன் பாக்ஸ் வருது. டோஸ்டர் அல்லாம் பரண் மேல டப்பாவோட கீது. கல்யாணத்துல வந்தது. பிரிச்சாதான சார் கெடும்?"

இவர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. பிரிக்காத டோஸ்டர் கெடாது என்பது அவருக்கு முழு மனதாகப் பிடித்துப் போயிற்று. நான் குறுக்கே புகுந்து, "நாங்க பிரிச்சு, தினமும் உபயோகப்படுத்தப் போறோம்ங்க" என்றேன்.

"அப்டீன்னா கேட்டுக்கமா. நம்ம ஏரியா உப்புக் காத்து. உள்ள கம்பி, ஸ்ப்ரிங்கு அல்லாம் துரு புடிச்சிக்கும், அதனால ஸ்டீல் பாடியா பாரு. அடியில தூள் விழற தட்டு தனியா வெளிய வரணும். இல்லன்னா கரப்பான் உள்ள குடும்பம் நட்த்தும். லிவர அமுக்கிப் பாரு, லொடலொடன்னு ஆடிச்சின்னா உட்டுடு. கைல தூக்கினா கனமா இர்க்கணும். அவ்ளோதாம்மா."

ஐந்து நிமிஷத்தில் மனிதர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நேரே கடைக்குப் போயிருந்தால் அன்றைக்கே என் தூக்கம் எனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் இவர் அதையெல்லாம் சரிபார்க்க இன்னும் நாலு மாதம் எடுத்துக்கொண்டார். ஸ்டீலில் எத்தனை வகை என்று படித்தார். அடையாறில் இருக்கும் பழைய ஆபீஸ் நண்பர் வீட்டுக்குப் போய் அவர்களுடைய டோஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, மேஜை விரிப்பெல்லாம் தூளாக்கிவிட்டு வந்தார். நண்பரின் மனைவி அதற்கப்புறம் என்னோடு போனில் அதிகம் பேசுவதில்லை.

ஒரு வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குக் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன் தெருமுனை பேக்கரியில் ஒரு முழு ரொட்டி வாங்கினார். எங்கள் பக்கத்தில் ரொட்டி வாங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பேக்கரிக்காரர் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு ஜுரம்?" என்றார்.

"டோஸ்டருக்கு. டெஸ்ட் பண்ணணும்" என்றார் இவர். பேக்கரிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கடையில் எங்களுக்கு வாய்த்த விற்பனையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். இவர் பையிலிருந்து ரொட்டியை எடுத்து கவுண்டரில் வைத்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கி அதைப் பார்த்தார். "சார், மிக்சிக்கும் கிரைண்டருக்கும்தான் டெமோ உண்டு. டோஸ்டருக்குக் கிடையாது."

"அரிசி அரைச்சுக் காட்டுவீங்க, ரொட்டி சுட்டுக் காட்ட மாட்டீங்களா?"

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். நாலைந்து டோஸ்டர்கள் வரிசையாக வந்தன. இவர் ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடை பார்த்தார். தூள் தட்டை இழுத்துப் பார்த்தார். லிவரை அமுக்கி அமுக்கி எண்ண ஆரம்பித்தார். "முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு..." எங்கள் பேக்கரி ரொட்டி தடிமனானது. முதல் இரண்டு டோஸ்டர்களின் வாய்க்குள் அது நுழையவே இல்லை. மூன்றாவதில் நுழைந்தது, வெளியே வர மறுத்தது. நாலாவது ஒரு பக்கம் கருக்கி, மறுபக்கம் வெள்ளையாக விட்டது. இப்படியே கவுண்டரில் டோஸ்ட் குவிந்துகொண்டு போக, வாசனை மாடி முழுக்கப் பரவியது. ஃபிரிட்ஜ் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் அப்படியே எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. காலையில் டிபன் சாப்பிடாமல் கிளம்பியிருப்பார்கள் போலிருக்கிறது. விற்பனையாளர் முதலில் ஒரு துண்டு எடுத்தார், பிறகு அவர்களும் எடுத்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர், "ஜாம் இல்லையா?" என்று விசாரித்தார்.

ஐந்தாவது டோஸ்டர் எல்லாவற்றிலும் தேறியது. ஸ்டீல் உடம்பு, நல்ல கனம், ஆடாத லிவர், அகல வாய், தனியாக வருகிற தட்டு. ரொட்டி இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் பொன்னாக எழும்பி வந்தது. கூட்டமே "ஆங்" என்றது. நான் பர்ஸைத் திறந்தேன். இவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கவிழ்த்தார், நிமிர்த்தினார். கடைசியில் சொன்னார்: "வயர் குட்டையா இருக்கே. சரி, யோசிச்சு சொல்றோம்."

ஏழு மாதம் நான் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அந்த கவுண்டரில் கொட்டிவிட்டது. "ஏங்க, உங்களுக்கு டோஸ்டர் வேணாமா, இல்ல நான் தூங்கவே வேணாமா?"

"கத்தாத. நீ தூங்காம என்ன, பத்து நிமிஷம் முன்ன பின்ன எந்திரிக்கிற. நீ எத்தனை மணிக்குத்தான் எந்திரிக்கிற?"

"நாலரைக்கு."

"நாலரையா?" அவர் குரலே மாறிவிட்டது. "தினமுமா?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. அவர் ஆறரைக்குக் கண் விழிக்கும்போது காபி தயாராக இருக்கும், நான் நடமாடிக்கொண்டிருப்பேன். அவர் தூக்கம் கெடக் கூடாதென்று அலாரத்தைச் சத்தமில்லாமல் வைத்து, போனைத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டு படுப்பவள் நான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

"இருபத்தாறு வருஷமா பக்கத்துலதான படுத்திருக்கீங்க?" என்றேன்.

ஜாம் கேட்ட பெரியம்மா டோஸ்டை மென்றபடி இவரைப் பார்த்து "ச்சு" என்றார். விற்பனையாளர் கண்ணாடியை மறுபடியும் நெற்றியில் ஏற்றிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

"பேக் பண்ணுங்க" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ எப்பவும் போல எந்திரி. டோஸ்டர செவ்வாக்கிழமைலேர்ந்து வச்சுக்கலாம். நான் ஒரு தடவ பாக்கணும்" என்றார். வேலைக்காலத்துப் பழக்கம். நேரில் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

திங்கட்கிழமை நாலரைக்கு என்னோடு எழுந்து, சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிகாக்ஷன் போட்டேன், குக்கர் வைத்தேன், இட்லி ஊற்றினேன், தேங்காய் துருவினேன், வெங்காயம் உரித்தேன், பீன்ஸ் நறுக்கினேன், நடுநடுவே பாத்திரம் தேய்த்தேன். சாப்பாடு கட்டும்போதுதான் முதல் கேள்வி வந்தது. "ஒரு டப்பா உனக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

ரிடையரான பிறகும் அவர் அதே ஆபீஸ் டப்பாவில்தான் சாப்பிட்டு வந்தார். மதியம் ஒரு மணிக்கு எங்கள் வீட்டு டைனிங் டேபிளில், மூடியைத் திறந்து வைத்து. அது ஏன் என்று இருவரில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. அவர் டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

நான் செருப்பு மாட்டும்போது அறிக்கை வந்தது. "இட்லி தானா வேகுது. அதுல உன் கை பட்டது மொத்தமே பத்து நிமிஷம். ரொட்டின்னாலும் ரெண்டு ரெண்டாத்தான் சுடணும், அதுக்கும் நான் சட்னி கேப்பேன். டோஸ்டரால உனக்குப் பெரிசா ஒண்ணும் மிச்சமாகாது."

ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய டோஸ்டரைத் தூக்கி அவர் தலையில் போட வேண்டும் போலிருந்தது. கனமான டோஸ்டர்தான், பார்த்துத்தானே வாங்கினோம். அவர் சொன்னது சரி என்பதுதான் என்னை அதிகமாக எரித்தது. அன்று பத்தாம் வகுப்புக்குக் காரணமே இல்லாமல் ஒரு டெஸ்ட் வைத்தேன்.

இரவு படுக்கும்போது வீம்புக்கென்றே அலாரத்தை ஐந்தரைக்கு வைத்தேன். ஆனால் உடம்பு கேட்குமா? செவ்வாய்க்கிழமை சரியாக நாலரைக்குக் கண் திறந்துகொண்டது. பக்கத்தில் ஆள் இல்லை. சமையலறையில் விளக்கு எரிந்தது.

அவர் நின்றுகொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு விரல் நீளம், இன்னொன்று மிளகளவு. வெங்காயம் உரித்து வைத்திருந்தார், தோலில் பாதி தரையில் கிடந்தது. மேடையில் டோஸ்டர், பக்கத்தில் ஒரு தட்டில் நாலு துண்டு ரொட்டி. அதன் வயர் எட்டவில்லை என்பதால் மிக்சியை இடம் மாற்றியிருந்தார்.

"நீ ஏன் எந்திரிச்ச? அஞ்சரைதான?" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அவர் பயந்துபோய்க் கையிலிருந்த பீன்ஸைப் பார்த்தார். "ஏன், சரியா நறுக்கலையா?"

"இருபத்தாறு வருஷமா இது உங்களால முடிஞ்சிருக்கு" என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "முடிஞ்சிருக்கும்" என்றார். பலகையைப் பார்த்து, "மிச்சத்த நறுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"நறுக்குங்க. சின்னதா நறுக்குங்க."

திரும்பிப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பலகையில் கத்தி விழும் சத்தம் வந்துகொண்டே இருந்தது, ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே ஒரு யுகம். குக்கரில் தண்ணீர் எவ்வளவு வைத்தார் என்று போய்ப் பார்க்கச் சொல்லி கால் துடித்தது. போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஐந்தரை வரை நான் எழுந்திருக்கவில்லை.