லாலாங்கில் ஒரு வட்டம்

வேற்றுக்கிரகவாசிகள் வயலில் பயிரைச் சாய்த்துப் போடுவதாகச் சொல்லப்படும் பயிர் வட்டங்களைப் பற்றி அக்கா பேச ஆரம்பித்தபோது, எனக்கு அந்த வேற்றுக்கிரகவாசிகள் மேல் அக்கறை இல்லை. தரையில் நின்றால் தெரியாத ஒரு படத்தைத் தரையில் நின்றுகொண்டே எப்படி வரைகிறார்கள்? அதுதான் கேள்வி. எங்கோ கோதுமை வயல்களில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முளைக்குச்சி, கயிறு, பலகை, இரண்டு பேர். அவ்வளவுதான் தேவை. ஆனால் சாய்ந்த பயிர் சீவிய தலைமுடிபோல் ஒரே பக்கமாகப் படுத்திருந்த அழகைப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை.

ஈப்போவை அடுத்த லகாட் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் சும்மா போட்டிருந்த தோட்டத்தில் லாலாங் புல் இடுப்பளவு நின்றது; நாங்களே ஒரு வட்டம் போட அது போதும். திங்கட்கிழமை மண்வாரி இயந்திரம் இறங்கும். ஞாயிறு மட்டும் உள்ளே விடுவதாகக் காவல்கார அண்ணன் சொன்னார். அன்று மாலைக்குள் அக்கா ஈப்போவில் ஒரு கண்காட்சிக்கு அந்த வட்டத்தின் படத்தை அனுப்ப வேண்டும். அவளுடைய ஓவியங்களை ஏற்கெனவே இரண்டு முறை திருப்பியனுப்பியவர்கள்.

"ஏலியன் எறங்குனா கூப்பிடுங்கலா, பாஸ்போர்ட் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு அண்ணன் தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டார்.

முளை அடித்து, கயிற்றைத் தரையையொட்டி இழுத்தபடி நான் நடந்தேன். அக்கா பின்னால் பலகையை மிதித்துப் புல்லைச் சாய்த்தாள். சுற்றி வந்தபோது, தொடங்கிய இடம் எங்களுக்கு வெளியே பல அடி தள்ளிக் கிடந்தது.

"சர்வேல வேலைன்னு பேரு! ஒரு வட்டம் போடத் தெரில ஒனக்கு."

"கயிறு தொய்யவே இல்லக்கா."

கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். பாதி வழியில், புல்லுக்குள் மறைந்திருந்த ரப்பர் அடிக்கட்டை ஒன்றில் அது மாட்டியிருந்தது. அங்கிருந்து எங்கள் மையம் முளை அல்ல, அந்தக் கட்டை.

அக்கா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாய்ந்த லாலாங் அன்றைக்குள் நிமிராது. வெளியே இன்னொரு வட்டம் போட்டால் தோட்டத்தோரக் கால்வாயில் இறங்கும்.

"படத்த எடு. கம்ப்யூட்டர்ல ஒட்டி வட்டமாக்கிக் குடு."

படமெடுக்கக் கொண்டுவந்திருந்த டிரோனை மேலே ஏற்றினேன். திரையில் எங்கும் உடைப்பு தெரியவில்லை. கயிறு மாட்டிய இடத்தில் கோடு முறியாமல், நத்தை ஓடுபோல் மெல்ல உள்ளே திரும்பியிருந்தது.

அக்கா திரையைப் பிடுங்கிப் பார்த்தாள். "இன்னொரு கட்டைல மாட்டுனா?"

"இன்னும் உள்ள போகும்."

"அப்ப மாட்டு."

ரப்பரை வரிசையாகத்தானே நடுவார்கள். அடுத்த கட்டை இருக்கும் இடத்தை ஊகித்து, குச்சியால் குத்திப் பார்த்தேன். இருந்தது. அதில் கயிற்றை மாட்டினோம், பிறகு அதற்கடுத்ததில். கயிறு தீரும்வரை நடந்தோம். மாலையில் படம் போனது. நான் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவில்லை.

பதில் வந்தபோது தோட்டம் வெறும் செம்மண்ணாகியிருந்தது. படம் நன்றாக இருக்கிறதாம். எந்த மென்பொருளில் வரைந்தது என்று கேட்டிருந்தார்கள். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. லாலாங் கீறி, இன்னும் ஆறாமல் கோடு கோடாகச் சிவந்திருந்த தன் கால்களைப் படமெடுத்து அனுப்பினாள்.

இரண்டு படங்களையும் அருகருகே மாட்டுவதாக எழுதினார்கள்.

"காலையுமா?" என்றாள் அக்கா. "முன்னயே சொல்லியிருந்தா கொலுசாவது போட்டிருப்பேன்."