தொமோயே அக்காவின் சிவப்புக் கொடி

ஆளுயரப் பனியில் குழி வெட்டி, அதன் சுவரில் கட்டைவிரலை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வருகிறார் தொமோயே அக்கா. ஓரிடத்தில் விரல் தானாக உள்ளே போகும். அங்கே ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்ப்பார். உருண்டை பிடிக்காது. "சீனி" என்பார், தனக்குத்தானே. அடியில் இந்தச் சீனி இருந்தால் மேலே கிடக்கும் பனி மொத்தமும் ஒருநாள் வழுக்கி இறங்கிவிடும்.

எங்கள் ஊருக்குக் கணவாய்ச் சாலை ஒன்றுதான். அதன் முகப்பில் கொடி ஏற்றுவது இருபத்திரண்டு வருடமாக அக்காவின் வேலை. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் போகக்கூடாது. இடது கையில் மட்டும் உறை போடமாட்டார்; அந்தக் கட்டைவிரல் நகம் கறுத்தே இருக்கும். என் நூடுல்ஸ் கடையில் மிசோ சூப்பைக்கூட அந்த விரலை விட்டுத்தான் சூடு பார்ப்பார். எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

முன்பெல்லாம் கோயில் தேவதாரு மரங்களுக்குப் பின்னால்தான் குழி வெட்டுவார். அவருக்கு முன் இருந்தவரும் அங்கேதான் வெட்டினார். மூன்று வருடத்துக்கு முன், புயல் ஓய்ந்த ஒரு ஜனவரிக் காலையில் அங்கே பனி கெட்டியாக இருந்தது. பச்சையை ஏற்றினார். மரங்கள் காற்றை மறித்துவிட்டன. சாலை வளைவுக்கு மேல் வெட்டவெளிச் சரிவில் காற்று கொண்டுவந்து குவித்ததை அந்தக் குழி எப்படிக் காட்டும்? பனி வாரும் வண்டியோடு முதலில் போன ஷோஹெய் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. சரிந்து மூடிய பனியைக் கம்பியால் குத்திக் குத்தித் தேடினோம். மே மாதம் பனி உருகித்தான் கிடைத்தான்.

அதற்குப் பிறகு சரிவிலேயே வெட்டுகிறார். அதற்குப் பிறகு பச்சை ஏறவே இல்லை. அதைத் தொடக் கை வரவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பனிக்காலம் முழுக்கச் சிவப்பு என்றால் ஊர் எத்தனை நாள் அடைந்து கிடக்கும்? புலி வருது கதையாகிவிட்டது. முதலில் பால் வண்டி கொடியைத் தாண்டியது, பிறகு எல்லாரும். என் மாவு மூட்டையும் அப்படித்தான் வருகிறது. நான் மட்டும் யோக்கியனா?

இன்று காலை குழியிலிருந்து ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஷோஹெயின் வேலைக்கு வந்த கன்னோ, வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"போகாதடா. இன்னைக்கு நெசமாவே சிவப்பு."

கன்னோ சிரித்தான். "என்னைக்குக்கா பொய்யின்னு சொன்னீங்க? அந்தப் பக்கம் மருந்து வண்டி நிக்குது. வழி பண்ணிட்டு வந்துடறேன்."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "சீனி முழங்கை ஆழத்துக்குப் போகுதுடா."

"போன வாரமும் இதையேதான்க்கா சொன்னீங்க."

கன்னோ மெல்ல அவர் கையை எடுத்துவிட்டான். வண்டி கொடியைத் தாண்டி வளைவில் மறைந்தது.

அக்கா முதுகுப்பையை இறக்கினார். பனிக்குள் ஆளைத் தேடும் கம்பியை எடுத்து, துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டினார். அதைப் பக்கத்தில் ஊன்றிவிட்டு, இன்னொரு கம்பியைப் பூட்டி என் கையில் கொடுத்தார்.