எலி மருந்து தின்ற என் கதை

இதய வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறையாமலிருக்க எனக்குத் தினமும் ஒரு மாத்திரை. அரும்பாவூர் டீக்கடையில் பங்காளி செல்வம் அதன் பெயரைச் செல்போனில் தேடிவிட்டு, "அண்ணே, இது எலி மருந்துல போடுற சரக்காம்ண்ணே!" என்றான்.

மாத்திரை அட்டையைச் சாக்கடையில் வீசினேன். மனைவிக்குப் போன் போட்டு, "எலி மருந்து சாப்பிட்டுட்டேன்டி!" என்று அலறினேன். மக்காச்சோளக் காட்டில் நின்றவளுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து, "எதுக்குய்யா இப்படிப் பண்ணுன?" என்று முதுகில் அறைந்தாள்.

அதே ஆட்டோவில் அவள் இழுத்துப்போன பெரம்பலூர் டாக்டரிடம், "இந்த மாத்திரை விஷமா, மருந்தாங்க?" என்றேன்.

"ரெண்டும்தாங்க. அளவு கூடுனா ரத்தம் கசியும். நிறுத்துனா வால்வுல ரத்தம் கட்டி உசுருக்கே ஆபத்து. அதான் ரத்தம் டெஸ்ட் பண்ணி அளவு வைக்கிறோம்."

"அப்ப இன்னிக்குப் போடவா, வேணாமா?"

"போடுய்யா!" என்றாள் மனைவி, டாக்டரை முந்திக்கொண்டு.

இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்லை. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவதுமில்லை. குழப்பம் தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். விழுங்கும்போது பயமாக இருக்கிறது. விழுங்காவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.