தாம்பூலப் பை வாங்காத நொதி

முத்துமாரி வளர்க்கும் உயிர்களுக்குத் தலைக்கணக்கு கிடையாது, லிட்டர் கணக்குத்தான். 2024 ஜூலையில் அது ஐந்து லிட்டர். கோபர்கைரனேயில் ஒரு சிறிய கம்பெனியின் கண்ணாடிக் கலனில் இருந்த அத்தனையும் ஈஸ்ட். முத்துமாரிக்கு வயது முப்பத்தொன்று. தாராவியில் பிறந்தவள், இன்றும் அங்கிருந்துதான் வேலைக்குப் போகிறாள்.

"புள்ள வளக்குற வயசுல பூஞ்சக்காளான வளக்கா," என்று அவள் அம்மா பேராச்சி அக்கம்பக்கத்தில் சொல்வாள். யாராவது சிரித்துவிட்டால் உடனே கோபம் வரும். "சிரிக்காதீய. அதாச்சும் இவ சொன்ன பேச்சக் கேக்கு. இவதான் எம்பேச்சக் கேக்க மாட்டா."

அந்த ஈஸ்ட்டின் வேலை விசித்திரமானது. தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாக்டீரியாவின் நொதியை அது செய்து தர வேண்டும். பாக்டீரியாவின் மரபணுவை எடுத்து ஈஸ்ட்டுக்குள் சேர்த்திருந்தாள் முத்துமாரி. மெத்தனால் ஊட்டினால் ஈஸ்ட் நொதியைச் செய்து வெளியே நீரில் விட்டுவிடும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால் போதும். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இது அன்றாடத் தேவை. செல்களை உடைத்ததும் உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே கொட்டி, நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி எல்லாம் கொழகொழத்துவிடும். இந்த நொதி அதைத் துண்டுதுண்டாக வெட்டித் தண்ணீராக்கும்.

முத்துமாரியின் நொதியும் வெட்டியது, ஆனால் சோம்பலாக. இறக்குமதிச் சரக்கின் வேகத்தில் பாதிகூட இல்லை. செம்பூரில் பரிசோதனைக்கூடம் நடத்தும் பத்மஜா, "இதுக்குக் கத்தரிக்கோலே தேவலாம்" என்று மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். கம்பெனி முதலாளி வைத்தீஸ்வரன் மாட்டுங்காக்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் இருப்பது ஒரே கலன். தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் அதை வேறு சரக்குக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் முத்துமாரியின் நொதி அத்தோடு முடிந்தது.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அவளுடைய நொதி ஒரு மெல்லிய கோடாக விழ வேண்டும். விழுந்ததோ, மேலே தள்ளி அப்பிய ஒரு கறை. கலப்படம் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். அவளை உறுத்தியது எடை. நொதி இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருந்தது. சர்க்கரை ஒட்டியிருக்குமோ என்று, சர்க்கரையை மட்டும் கத்தரிக்கும் இன்னொரு நொதியை அதன்மேல் விட்டுப் பார்த்தாள். கறை சுருங்கிக் கோடாகி, சரியான இடத்துக்கு இறங்கியது.

நேரே முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், உங்க பையன் கல்யாணத்துல ஏசி ரிப்பேர் பண்ண ஒருத்தர் வந்தார்ல?"

"ஆமாம். அதுக்கென்ன இப்போ?"

"அவர் கிளம்பும்போது அவருக்கும் தாம்பூலப் பை குடுத்தீங்க. ஒரு கையில ஏணி, ஒரு கையில டூல்பாக்ஸ். தேங்காய வாயிலயா கவ்வுவார்? வாசல்ல முழிச்சிட்டு நின்னார், பாவம்."

"வெறுங்கையோட அனுப்பப்படாதும்மா. எங்காத்து வழக்கமாக்கும்."

"ஈஸ்ட்டுக்கும் அதான் சார் வழக்கம். வாசலத் தாண்டிப் போற புரதத்துல மாட்ட ஒரு இடம் கெடச்சா போதும், சர்க்கரைச் சரத்தத் தொங்கவிட்டுத்தான் அனுப்பும். அதோட சொந்தப் புரதத்துக்கு அது பழக்கம். நம்மது பாக்டீரியா வீட்டுப் புள்ள, அங்க இந்த வழக்கம் இல்ல. கை ரெண்டும் பையப் பிடிச்சிருந்தா எப்படி வெட்டும்?"

வைத்தீஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, தாம்பூலம் வேண்டாம்னு அதுக்கு யார் சொல்றது?"

"மாட்டுற கொக்கியவே எடுத்துடலாம். ரெண்டே இடம்தான். மரபணுவுல மாத்தி எழுதினா போதும்."

"கொக்கியோட சுவரும் பேந்துண்டு வந்துட்டா?"

அதுதான் பயம். ஓர் இடத்தை மாற்றினால் நொதியின் வடிவமே குலைந்து, இருக்கும் கொஞ்ச வேகமும் போய்விடலாம்.

"வந்துட்டா கலன் உங்களோடது சார்."

"ஏக்தம், ஏகப்பட்ட தைரியம்தான் நோக்கு. இதான் கடைசி, கேட்டியோ."

மாற்றிய மரபணு வந்து, புதிய ஈஸ்ட்டில் ஏறி, கலனில் வளர்வதற்குள் அக்டோபர் ஆகிவிட்டது. ஜெல்லில் கோடு கச்சிதமாக விழுந்தது. ஆனால் ஜெல் எடையைத்தான் சொல்லும். வெட்டுமா என்று சொல்லாது. முதலாளியும் அவளும் நொதிக் குப்பியோடு செம்பூருக்குப் போனார்கள்.

பத்மஜா செல்களை உடைத்து இரண்டு குழாய்களில் ஊற்றினார். பிப்பெட்டை உள்ளே விட்டுத் தூக்கினால் கொழகொழப்பு நூல் நூலாகக் கூடவே வந்தது. ஒன்றில் இறக்குமதி நொதி, மற்றதில் முத்துமாரியுடையது. கொஞ்ச நேரம் கழித்துப் பத்மஜா பிப்பெட்டைத் தூக்கினார். இறக்குமதிக் குழாயில் இன்னும் ஒரு நூல் தொங்கியது. முத்துமாரியின் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"அடி சக்கை!" என்று மேஜையில் அடித்தார் வைத்தீஸ்வரன்.

பத்மஜா நம்பவில்லை. புதிதாகச் செல்களை உடைத்து மறுபடி செய்தார். மறுபடியும் அதே சொட்டு.

"இதுல என்ன சேர்த்தே?"

"சேக்கல மேடம். எடுத்தேன்."

ஸ்டேஷனுக்கு வரும் வழியிலேயே வீட்டுக்குப் போன் செய்தாள். "எம்மா, வெட்டிட்டு!"

"யாரட்டி வெட்டிட்டு? ரத்தம் வருதா?"

முத்துமாரி நடுரோட்டில் நின்று, ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதுகூடக் கேட்காமல் சிரித்தாள்.

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை, முதல் பெட்டி ஐஸில் வைத்துப் பத்மஜாவின் கூடத்துக்குப் போகிறது. அன்று காலையே முத்துமாரி அதே கலனில் அடுத்த தொகுதியைத் தொடங்குகிறாள்.