லேப்டாப்பில் கேட்ட பெண்குரல்

பாலக்கோட்டில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நாங்கள் மூன்று பேர் பாட்டு போட ஆரம்பித்தோம். முதலில் சந்தேகப்பட்டவர் கடைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவோம். ஜன்னலைச் சாத்திவிடுவோம். வெளியே சத்தமே வராது. மூன்று பேரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விதவிதமான ஓசை எழுப்பும் ஒரு சிந்தசைசரையும் லேப்டாப்பையும் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் அவர் கதவைத் தட்டினார்.

"பாட்டுன்னு சொல்லித்தான ரூம் எடுத்தீங்க? பாட்டுன்னா கீழ வரைக்கும் கேக்கணுமில்ல? ஆன்லைன்ல ஏதாச்சும் ஏமாத்து வேல பண்றீங்களா? போலீஸு வந்தா என்னத்தான் கேப்பாங்க."

ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினோம். நின்றபடியே கேட்டார்.

"மேளம் யாரு அடிக்கிறது?"

"மெஷினுங்க."

"அப்பறம் நீங்க மூணு பேரும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு ஊர் மொரப்பூர். தனியார் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். கீபோர்டு வாசிக்கப் பழகியது எங்கள் சர்ச்சில். சிந்தசைசர் என் கல்லூரி நண்பனுடையது. அவன் மாரண்டஹள்ளிக்காரன், ஓசூரில் ஷிப்ட் வேலை. அந்த மெஷினைப் பெங்களூரில் பழையதாக வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். பாடியவர் அவனுடைய பெரியம்மா மகள். தருமபுரியில் நர்ஸ். எங்களைவிட மூத்தவர் என்பதால் எனக்கும் அக்கா. அவர்கள் இருவரும் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எனக்குக் கன்னடம் தெரியாது.

எங்கள் முதல் பாட்டு, மொரப்பூரில் நிற்காமல் போகும் ரயிலைப் பற்றியது. பிளாட்பாரத்தில் நின்று நான் போனில் பதிந்த சக்கரச் சத்தத்தை அவன் வெட்டி ஒட்டித் தாளமாக்கினான். அக்கா அதன்மேல் அலட்டிக்கொள்ளாமல், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடினார். இணையத்தில் போட்ட கொஞ்ச நாளில் என் வகுப்புப் பிள்ளைகளே அதை முணுமுணுத்தார்கள். கல்யாண வீடியோக்களில் வந்தது. சேலத்தில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பெங்களூரிலிருந்து நிகழ்ச்சி நடத்துகிற ஒருவர் பேசினார். "பாடறவங்க வேலைய விட்டுட்டு ஊர் ஊரா வர முடியுமா?" என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அக்காவுக்கு ஞாயிறு லீவு கிடைப்பதே பெரும்பாடு.

அதற்குப் பிறகுதான் என் நண்பன் மாறினான். எங்களுக்கு முன்பே அறைக்கு வந்துவிடுவான். நாங்கள் நுழைந்ததும் லேப்டாப்பை மூடுவான். போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசுவான். கேட்டால், "ஒன்னுமில்ல, கம்பெனி போன்" என்பான்.

ஒரு ஞாயிறு அவன் டீ வாங்கக் கீழே போயிருந்தான். அக்காவும் வரவில்லை. லேப்டாப் திறந்திருந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டினேன். கன்னடத்தில் ஒரு இளம் பெண் பாடிக்கொண்டிருந்தாள். மெட்டு, நாங்கள் இரண்டாவது பாட்டுக்கு என்று வைத்திருந்தது. அக்காவுக்குப் பதிலாக வேறு யாரையோ பாட வைக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்சத்தை என் போனில் பதிந்துகொண்டேன்.

மறுநாள் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அக்காவிடம் போட்டுக் காட்டினேன். முகம் மாறாமல் கேட்டார்.

"நல்லாத்தான் பாடறா" என்றார். திரும்ப ஒருமுறை கேட்டுவிட்டு, "இது பெங்களூரு கன்னடம் இல்ல. எங்க வூட்டுல பேசற மாதிரியே இருக்குது. சொந்தத்துலயே யாரையோ புடிச்சிருக்கான்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் தன் சித்தி மகள்களையும் அத்தை மகள்களையும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். ஒரு கல்யாணத்தில் ஒருத்தியைப் பாடச் சொல்லிக்கூடப் பார்த்தாராம்.

அடுத்த ஞாயிறு நேராகவே கேட்டுவிட்டார். "யாருடா அவ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னதுதான் என்று புரிந்துகொண்டான். அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, திரையில் ஒரு குமிழை மெல்லக் கீழே திருப்பினான். பெண்ணின் குரல் தடித்தது. பிறகு கனத்தது. கடைசியில் அவன் குரலாகவே ஆகிவிட்டது.

"என் கொரல்ல பாடினா எனக்கே புடிக்கலக்கா. இப்பிடி மாத்திக் கேட்டாத்தான் நான் பாடற மாதிரி இருக்குது. சொன்னா சிரிப்பீங்கன்னு இருந்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு லீவு கெடைக்காத அன்னிக்கு இதைப் போட்டு ஓட்டிருவ. அதான?"

"உங்க எடத்துல இது பாடாது."

"அதை நான் எப்படி நம்பறது?"

அவன் லேப்டாப்பை மூடினான். அதன்பின் சில வாரங்கள் நாங்கள் அறையில் ஒன்றுகூடவே இல்லை. சேலம் விழா நெருங்கியபோது அக்காவே போன் செய்து ஒரு நிபந்தனை போட்டார். மேடையில் அந்த இரண்டாவது பாட்டை அவன் முதலில் சொந்தக் குரலில் பாட வேண்டும். மெஷினெல்லாம் அதற்கப்புறம்.

அவன் பாடினான். முதல் வரியிலேயே குரல் பிசிறியது. முன்வரிசையில் சிலர் திரும்பிப் பேசத் தொடங்கினார்கள். நான் கீபோர்டில் கையை வைத்தபடி, அவன் இறங்கி ஓடிவிடுவான் என்றே நினைத்தேன். அக்கா தன் மைக்கோடு அவன் பக்கத்தில் போய் நின்று, இரண்டாம் வரியை மேல் ஸ்தாயியில் எடுத்தார். அவன் குரல் அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தது. மூன்றாம் சுற்றில் மெஷினைப் போட்டு அந்தப் பெண்குரலையும் சேர்த்தான். மேடையில் பாடியது இரண்டு பேர், கேட்டது மூன்று குரல். அரங்கம் எழுந்துவிட்டது.

அந்தப் பாட்டு முதல் பாட்டைவிட அதிக தூரம் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரிலும் கேட்டார்கள். அந்த இளங்குரலில் பாடும் பெண் யார் என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். அவன் விருப்பப்படி நாங்கள் சொல்வதில்லை.

போன மாதம் நானும் அக்காவும் ஓசூருக்குப் போன பஸ்ஸில் டிரைவர் அதையே போட்டார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பாட்டு முடிந்ததும் கேட்டார்.

"மெஷின் கொரலு நல்லா இருக்குதா, என்னுதா?"

"உங்களுதுதான்க்கா."

"எம் மனசு நோகக்கூடாதுன்னு யோசிச்சுத்தான சொன்ன?" என்றார். நான் யோசிக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னாலும் அவர் நம்பியிருப்பாரா என்று தெரியவில்லை.