காதர் பாயின் வாரச் சமையல்

செய்தி வந்தபோது நான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இருந்தேன். மதியத் தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. உருளைக்கிழங்கு தராசில் ஏறியிருந்தது. முருகேசன் போனில் அழைத்தான்.

"ஏலே, வாங்குனது போதும். வீட்டுக்கு வா. காதர் பாய் இறந்துட்டாருடா. தொழுதுட்டுப் படுத்தவரு எந்திரிக்கல."

கிழங்கு விற்றவர் தராசைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் பையை விரித்தேன். கிழங்குகள் விழுந்தன. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவர் வேதியியல் ஆசிரியர். சாக்பீஸ் தூள் படிந்த நீல ஸ்வெட்டர். எனக்கும் முருகேசனுக்கும் அவர் ஒரே வீட்டில் இருந்தவர், ஒரே சட்டியில் சாப்பிட்டவர். அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. துக்கம் இருக்கிறது. ஆனால் அன்று மலையேறி வீட்டுக்கு நடந்தபோது துக்கத்தோடு ஒரு நிம்மதியும் கூடவே வந்தது. நல்ல வேளை, நல்ல வேளை என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

நாங்கள் மூன்று பேர் மலைமேல் ஒரு வீட்டின் ஒரு பாதியில் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், ஊர் ஆயக்குடி. முருகேசன் விளையாட்டு ஆசிரியன், அதே மலையில் போளூரில் அவன் அப்பா பூண்டு போடுகிறார். காதர் பாயின் குடும்பம் பழனியில் இருந்தது. மனைவி ஷமீமா அக்கா, மகள் ஆயிஷா. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிப் பழனிக்கு இறங்குவார். திங்கட்கிழமை விடியலில் முதல் பஸ்ஸில் திரும்புவார். வருடக்கணக்காக அந்தப் பாதையில் போய் வந்தும் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுப்பார். கையில் ஒரு எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் இல்லாமல் அவரை பஸ்ஸில் யாரும் பார்த்திருக்க முடியாது.

மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டோம். சுற்றுலா வருகிறவர்களுக்கு வைத்த விலைதான் எங்களுக்கும். சீசனில் தோசையைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை வந்தவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்.

"எம் மக எனக்கு விருந்தாளி டம்ளர்ல தண்ணி குடுத்தா."

எங்களுக்குப் புரியவில்லை.

"வீட்டாளுங்களுக்கு எவர்சில்வர். வர்றவங்களுக்குக் கண்ணாடி டம்ளர். தட்டுல வச்சு எடுத்துட்டு வந்தா. அத்தா, எப்ப ஊருக்குப் போறீங்கன்னு கேட்டா."

முருகேசன் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு எழுந்து அவர் தோளிலிருந்து பையை இறக்கினான்.

எங்கள் வீட்டின் மறுபாதி அப்போது காலியாக இருந்தது. அதை எடுத்தால் குடும்பத்தைக் கொண்டுவந்துவிடலாம். வீட்டுக்காரர் முன்பணம் கேட்டார். காதர் பாய்க்குப் பழனியில் ஒரு செலவு, மலையில் ஒரு செலவு. கடன் வாங்கமாட்டார். சம்பளத்தில் எதைக் குறைப்பது என்று யோசித்தவர் கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"சோத்துலதான்டா கை வைக்கணும். ஆனா நான் தனியா சமைச்சா ஒண்ணும் மிஞ்சாது. நீங்க ரெண்டு பேரும் சேரணும்."

சேர்ந்தோம். எங்களுக்கும் பணம் மிஞ்சும் என்ற ஆசைதான். பெருந்தன்மை எல்லாம் இல்லை.

*

முதல் மாதம் படுதோல்வி. அவர் பழனியிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். காய் விலை ஏறும் இறங்கும், பயறு விலை நிற்கும், ஆகவே வாரம் முழுக்கப் பயறு. கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு. மூட்டை மாதிரி வாங்கி வந்தார். எங்களிடம் குக்கர் இல்லை. ஒரு பெரிய அலுமினியச் சட்டி மட்டும்.

கடலை வேகவில்லை. காலையில் அடுப்பில் ஏற்றியது பள்ளி மணி அடிக்கும்போதும் கல்லாகக் கிடந்தது. மூடி போட்டார். மூடிமேல் கல் வைத்தார். சோடா உப்பு போட்டார். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது, கடலை அதற்குள் சும்மா நீந்திக்கொண்டிருந்தது.

"பாய்," என்றான் முருகேசன், "மலைமேல தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சிரும், அதனால பருப்பு வேகாதுன்னு ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்குறது நீங்கதானே?"

"அது பாடத்துல. இது சட்டியில."

"பாடத்தை ஒருக்கா சட்டிக்கும் எடுங்க பாய்."

மாதம் பாதி போவதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அடுத்தது வரும்வரை மறுபடி ஹோட்டல். அந்த மாதம் நாங்கள் முன்பைவிட அதிகம் செலவழித்தோம். அடுத்த திங்கட்கிழமை காதர் பாய் ஒரு கையில் குக்கரும் மறு கையில் எலுமிச்சம்பழமுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஷமீமா அக்காவின் குக்கர் அது. "குடுக்கும்போது அவ மூஞ்சியப் பாக்கணுமே," என்றார். "கல்யாணத்தன்னைக்கு அவங்க அம்மாகூட அப்படி அழுகல."

அதற்குப் பிறகு எதை வாங்குவது என்பதைவிட எதை எதோடு சேர்த்து வேகவைப்பது என்பதுதான் அவருடைய யோசனை. குக்கரில் அடியில் பருப்பு, நடுத்தட்டில் அரிசி, மேலே காய். ஒரே சூட்டில் மூன்றும்.

*

சந்தைக்கு மதிய மழைக்குப் பிறகுதான் போக வேண்டும் என்றார். வில்பட்டியிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் காய் விற்க வந்தவர்கள் திரும்ப வண்டி பிடிக்கும் அவசரத்தில் விலையைக் குறைத்துவிடுவார்கள். அவர் பழனிக்குப் போகாத ஞாயிறுகளில் நாங்கள் மூவரும் சந்தைக்குப் போவோம். அவர் ஊருக்குப் போயிருந்தால் நானும் முருகேசனும். வீட்டுக்கு வந்து தரையில் சாக்கை விரித்துக் காயைக் கொட்டிய பிறகுதான் என்ன சமையல் என்ற பேச்சே. எனக்கு அந்த வாரம் வத்தக்குழம்பு வேண்டும் என்று ஒருமுறை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"ஏ லைப்ரரி," என்றார், "முதல்ல பையில என்ன கெடக்குன்னு பாரு. அப்புறம் ஆசைப்படு."

கீரையும் கொத்தமல்லியும் ஞாயிறு, திங்கள். பிறகு பீன்ஸ், நூக்கல். கடைசியில் கிழங்கு, பூசணி. எது முதலில் வாடுமோ அது முதலில் சட்டிக்கு. சனிக்கிழமை எதுவும் வாங்கக்கூடாது. மிஞ்சியது அத்தனையும் ஒரே குழம்பில். அதற்கு அவர் வைத்த பெயர் காலிக் குழம்பு. சில சனிக்கிழமைகளில் அது அமிர்தம். சில சனிக்கிழமைகளில் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

இட்லிக்குத் தனித் திட்டம். இந்தக் குளிரில் மாவு ஒரே நாளில் புளிக்காது. ஞாயிறு அரைத்தால் செவ்வாய்க்கிழமைக்குத்தான் பொங்கும். அதுவும் போர்த்தினால். முருகேசனின் விளையாட்டுப் போட்டி ஸ்வெட்டர் மாவுப் பானைக்குப் போனது. பள்ளி முத்திரை வெளியே தெரியும்படி அதை மாட்டிவிட்டு, "இந்த வருசம் இதுதான் மாநில அளவுக்குப் போகுது," என்றார் காதர் பாய். முருகேசன் நாலு நாள் அவரோடு பேசவில்லை. மாவு நன்றாகப் பொங்கியிருந்தது.

வெளியில் சாப்பிடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை முதலில் மீறியது யார் என்று நினைக்கிறீர்கள்? பஜாரில் பேக்கரி ஒன்றின் உள்பெஞ்சில், முதுகைக் காட்டியபடி, பிளம் கேக் தின்றுகொண்டிருந்த காதர் பாயை முருகேசன்தான் பிடித்தான்.

"என்ன பாய் இது?"

"ஆராய்ச்சி."

"எதப் பத்தி?"

"விலைவாசி." பிறகு பாதியை உடைத்து அவனிடம் நீட்டினார். "லைப்ரரிகிட்ட சொல்லாத."

முருகேசன் வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டான். வாயில் கேக் இருந்தது.

*

சிக்கனம் என்ற சொல் எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் தட்டில் குறைவாக விழும் குழம்பைக் குறித்தது. காதர் பாயிடம் அது அப்படி இல்லை. யாருக்கும் குறையவில்லை. நாங்கள் அந்த நாட்களில்தான் நன்றாகச் சாப்பிட்டோம். குறைந்தது எல்லாம் குப்பைக்குப் போனதும், பசியோடு கடைக்குப் போய் எதையோ வாங்கி வந்ததும்தான். நோன்பு மாதத்தில் அவர் பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து மாலையில் எங்களுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார். முருகேசனின் அப்பா போளூரிலிருந்து அனுப்பிய பூண்டு அதில் முழுசு முழுசாகக் கிடக்கும்.

முன்பணம் ஒரு மழைக்காலத்தின் முடிவில் சேர்ந்தது.

பழனியிலிருந்து வேனில் சாமான்கள் எங்கள் வீட்டின் மறுபாதிக்கு வந்தன. வேனை நிறுத்தியதும் முதலில் இறங்கியது ஆயிஷா. வாசலிலேயே வாந்தி எடுத்தாள். காதர் பாய் அவள் முதுகைத் தடவிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சொன்னார், பதக்கம் வாங்கியவர் மாதிரி: "எம் பிள்ளைடா!"

ஷமீமா அக்கா நேராக எங்கள் சமையற்கட்டுக்குப் போய்க் குக்கரைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கரி. "இதுக்கு நான் அழுதது சரிதான்," என்றார். அன்றிலிருந்து சமையல் ஒரே இடத்தில் என்று ஆயிற்று, அவர்கள் பக்கத்தில். செலவில் எங்கள் பங்கும் உண்டு, பாத்திரம் கழுவுவதில் எங்கள் முறையும் உண்டு. வாரத் திட்டத்தில் அக்கா பாதியை மாற்றினார். காலிக் குழம்பை மட்டும் விட்டுவைத்தார். "அது அவருக்குப் பொழுதுபோக்கு, இருந்துட்டுப் போகட்டும்."

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை. தட்டில் பூசணிக்காய்க் கூட்டு. ஆயிஷா தட்டைத் தள்ளினாள்.

"என்ன அத்தா, இன்னைக்கும் பூசணியா? உங்களுக்கு வேற சோலியே இல்லையா?"

அக்கா அதட்டினார். காதர் பாய் கையை உயர்த்தித் தடுத்தார். கண் நிறைந்திருந்தது. அடக்க முடியாத சிரிப்பு.

"திட்டாத. விருந்தாளி இப்படிக் கேக்க மாட்டா."

என் நல்ல வேளை இதுதான். அந்தப் பெண் அவரோடு சண்டை போட ஒரு வருடத்துக்கும் மேல் நேரம் கிடைத்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால், இன்னும் கொஞ்ச நாள் நாங்கள் தோசைக்கும் பரோட்டாவுக்கும் காசு கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால், இந்தச் செய்தி பழனிக்குப் போனில் போயிருக்கும். யாரோ ஒரு விருந்தாளி மலைமேல் இறந்துவிட்டார் என்று.

*

மறுநாள் காலை அடக்கம். இறந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டமாட்டார்கள். தெரிந்தவர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். பஜாரிலிருந்து கொண்டுவந்தார்கள், பள்ளியிலிருந்து கொண்டுவந்தார்கள், தெருவிலிருந்து கொண்டுவந்தார்கள். அத்தனை பேரும் நெய்ச்சோறும் தால்ச்சாக் குழம்பும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கூடத்தில் வரிசையாக நெய்ச்சோற்றுத் தேக்சாப் பாத்திரங்கள். பழனியிலிருந்து வந்த சொந்தங்கள் சாப்பிட்டும் தீரவில்லை.

ஷமீமா அக்கா உள்ளறையில் இத்தா இருந்தார். நாலு மாதத்துக்கும் மேல் கணவனின் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எத்தனை தேக்சா நிக்குது, தம்பி?"

"கூடம் பூரா நிக்குதுக்கா."

திரைக்குப் பின்னால் விம்மல் மாதிரி ஒரு சத்தம். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. மூச்சு முட்டும் சிரிப்பு.

"அவரு மட்டும் இதப் பார்த்திருந்தா மையத்துக் குழியிலருந்து எந்திரிச்சுத் திட்டியிருப்பாரு."

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். முருகேசன் வெளியே போய் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்தான். நாளைக்குக் காலை நீங்க இடியாப்பம், மதியம் நீங்க வெறும் ரசஞ்சோறு போதும், நீங்க எதுவும் வேண்டாம், டீ மட்டும். மிஞ்சிய நெய்ச்சோற்றை விடுதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனோம். அடுத்த நாட்களில் எதுவும் குறையவில்லை, எதுவும் வீணாகவில்லை.

அக்காவின் அண்ணன் பழனியிலிருந்து வந்திருந்தார். இத்தா முடிந்ததும் தங்கையையும் பிள்ளையையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவர் நல்லவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"இங்க வாடகை குடுத்து எப்படிம்மா இருப்ப? நம்ம வீட்டுல வாடகை இல்ல."

நானும் முருகேசனும் வாசலில் நின்றோம். அக்கா என்ன சொல்வார் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் நகரவும் இல்லை.

"வாடகைக்குத் தையல் போதும்ணே. ரவிக்கை தைக்கக் குடுத்துட்டுப் போனது இப்பவே கெடக்கு. சோத்துச் செலவு ரெண்டு வீட்டுக்கும் பொது. அதனாலதான் நான் மேல வந்தேன், அதனாலயே இருந்துக்குவேன். பிள்ளைக்கு இங்க பழகிப்போச்சு. அவ பஸ்ல வாந்தி எடுப்பாண்ணே. அடிக்கடி ஏத்தி இறக்க முடியாது."

அண்ணன் யோசித்தார். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இவுங்க ஒழுங்காப் பங்கு குடுப்பாங்களா?"

"பாத்திரமும் கழுவுவோம்ணே," என்றான் முருகேசன்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரித்ததை நாங்கள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

நாலாம் நாள் காலை ஆயிஷா எங்கள் கதவைத் தட்டினாள். அப்பாவின் நீல ஸ்வெட்டர், கைகள் மடித்துவிடப்பட்டு, முழங்கால்வரை. அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது என்றாள். அம்மா கேட்கச் சொன்னாராம், இன்றைக்கு என்ன வேண்டும் என்று.

"ஏதாவது," என்றேன்.

"ஏதாவதுன்னு ஒரு குழம்பு கெடையாது மாமா. வெரசா சொல்லுங்க, உலை வச்சாச்சு."

ரசம் என்றேன். அவள் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. எங்களுக்கும் சேர்த்து. காதர் பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்: தினமும் யாரோ என்னையும் கணக்கில் வைத்து உலையில் அரிசி போடுகிற ஒரு வீடு.